ஆளில்லாத இலைகள்

முன்னொரு காலத்தில், அரசனும் ஏவலாளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ட அந்த நல்ல காலத்தில், விசயபூபதி என்றோர் அரசன் இருந்தான். தன் நாட்டில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் அவனுக்கு ஆசை வந்தது. அரசன் ஆசைப்பட்டான், மற்றவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

பிரதானி அரியநாயகம் வீடு வீடாகச் சேவகர்களை அனுப்பினார். வேலோடு வந்தவர்களைக் கண்டதும் வரிக்குப் பயந்து பாதி ஆண்கள் வைக்கோற்போருக்குள் ஒளிந்தார்கள். பிள்ளைகளை எண்ணினால் கண்பட்டுவிடும் என்று பெண்கள் வாயே திறக்கவில்லை. கணக்கு உருப்படவில்லை. உடனே பிரதானி அந்த வேலையை, தமக்குப் பிடிக்காத விகடகவி கூத்தப்பன் தலையில் கட்டிவிட்டார்.

"ஒரு தலை குறைந்தாலும் நீ இந்த நாட்டில் இருக்க முடியாது" என்றான் அரசன்.

கூத்தப்பன் சேவகர்களை நம்பவில்லை. ஊர் ஊராகப் பூக்காரிகளைப் பிடித்து, ஆளுக்கொரு தெருவைப் பிரித்துக் கொடுத்தான். "நாடு முழுக்க ஒரே நாள்ல அரசர் விருந்து. உங்க வீட்டுக்கு எத்தனை இலை போடணும்?" என்று மட்டும் கேட்கச் சொன்னான். விருந்தாளிக்கு வந்திருக்கும் வீட்டில் இலை. சத்திரத்துப் பரதேசிக்கும் மரத்தடிக் குடும்பத்துக்கும் அங்கேயே இலை. ஒரே நாள் என்பதால் ஒருவரே இரண்டு ஊரில் உண்ண வழியில்லை. சோறு என்றதும் யாரும் ஒளியவில்லை. கைக்குழந்தைக்குக்கூட இலை கேட்டார்கள்.

விருந்தன்று தலைநகரப் பந்தியில் அங்கங்கே சில இலைகள் ஆளில்லாமல் கிடந்தன. பிரதானி முகம் மலர்ந்தார். "அரசே, கணக்குப் பொய். இல்லாதவர்களையெல்லாம் இவன் எண்ணியிருக்கிறான்."

ஆளில்லாத ஓர் இலைக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தியை அரசன் விசாரித்தான்.

"எம்மவன் எல்லைக் காவலுக்குப் போயி வருசமாச்சு சாமி. தெனமும் அவனுக்கும் சேத்துத்தான் உலை வெக்கிறேன். எலை கேட்டா அவன எப்படி விட்டுட்டுச் சொல்றது?"

அரசன் தன் இடத்துக்கு வந்தான். அங்கேயும் பக்கத்தில் ஓர் இலை, ஆளில்லாமல். அதில் அப்பளம் மட்டும் இரண்டு இருந்தன.

"மடைப்பள்ளியிலும் கேட்டோம், மகாராஜா. தங்கள் தம்பிக்கும் சேர்த்துத்தான் இன்னும் சமைக்கிறார்களாம்" என்றான் கூத்தப்பன்.

ஏதோ அற்பச் சண்டையில் கோபித்துக்கொண்டு மாமன் நாட்டுக்குப் போய்விட்ட தம்பி. சிறுவயதில் தன் அப்பளத்தைத் தின்றுவிட்டு அண்ணன் இலையிலும் கை வைப்பான். அந்த நாட்கள் அரசனுக்கு நினைவுக்கு வந்தன.

பிரதானி விடவில்லை. "ஆணைப்படி இவனை நாடு கடத்த வேண்டும், அரசே."

"தலை குறைந்தால் என்பதுதானே ஆணை? கூடினால் என்று அரசர் சொல்லவில்லையே" என்றான் கூத்தப்பன்.

அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டான். பிறகு பிரதானியைப் பார்த்தான்.

"எல்லைக் காவலர்களை முறைவைத்து வீட்டுக்கு அனுப்பும். என் தம்பியை நீரே போய் அழைத்து வாரும். அதுவரை இந்தப் பந்தியில் கை நனைக்காதீர்."

அடுத்த ஆண்டு விருந்தில் அரசன் ரசத்துக்குக் கை நீட்டித் திரும்புவதற்குள் அவன் இலையில் அப்பளத்தைக் காணவில்லை. யார் எடுத்தது என்று அவன் கேட்கவே இல்லை.