கொம்பாற்றின் புது நடுவர்கள்

மலையில் தொடங்கிக் கடற்கரையில் முடிகிற ஒரு காட்டில் கொம்பாறு என்ற ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஒன்றுதான். அதைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள்தான் பலர்.

மேலே மலையில் யானைகள். அவற்றின் தலைவி வேழம்மை பெருமைக்காரி. அவளுக்குக் கீழே குரங்குகள். அவற்றின் தலைவன் தாவுடையான் எந்தப் பழியையும் தன்மேல் ஒட்டவிடமாட்டான். அதற்கும் கீழே காட்டுப்பன்றிகள். தலைவன் கோரையன் பிடித்த பிடியை விடமாட்டான். எல்லோருக்கும் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு நெருங்கிக் கடலில் இறங்கும் இடத்தில், ஒரு நீர்நாய்க் குடும்பம். வீட்டுக்காரி பெயர் துள்ளி. உருவம் சின்னது, மூளை பெரியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்துக்கு முன்பு ஒவ்வொரு கூட்டமும் ஆற்றில் தன் பகுதியைச் சுத்தம் செய்யவேண்டும். யார் பகுதி மிகச் சுத்தமோ அவர்களுக்குத்தான் புதுவெள்ளத்தில் முதல் குளியல். அதைவிடப் பெரிய மரியாதை அங்கே கிடையாது.

நடுவர் மயிலார். தண்ணீரில் தன் தோகை தெளிவாகத் தெரிந்தால் "சுத்தம்" என்பார். தெரியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன்னைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழக்கமில்லாத நடுவர் அவர்.

சரி குழந்தைகளே, சுத்தம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் கேட்கவேண்டும். யானைகள் தாங்கள் ஒடித்துப் போட்ட கிளைகளையும் மூங்கில்களையும் கீழே ஒரு தள்ளு தள்ளும். குரங்குகள் அவற்றோடு தங்கள் பலாத்தோலையும் சேர்த்து ஒரு தள்ளு. பன்றிகள் கிழங்குக்காகத் தோண்டிய மண்ணையும் சேர்த்து இன்னொரு தள்ளு. மயிலார் வரும்போது எல்லார் பகுதியும் பளபளக்கும். நீர்நாய்களின் பகுதி மட்டும் குப்பைமேடாகக் கிடக்கும்.

"சோம்பேறிகள்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார்.

இந்த ஆண்டு துள்ளி தன் வாசலைப் பார்த்துப் பயந்துபோனாள். இதுவரை வந்து சேர்ந்த குப்பை பாறை இடுக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டுவிட்டது. புதுவெள்ளம் வந்தால் போக வழியில்லாமல் மேலே ஏறும், நேராக அவள் வளைக்குள் புகும். உள்ளே அவளுடைய குட்டிகள் இருந்தன. நீர்நாய்க் குட்டி என்றாலும் பிறந்தவுடன் நீந்தத் தெரியாது.

"தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வேறு இடம் பார்ப்போம், வா" என்றான் அவள் கணவன்.

"கண் திறக்காத பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு எங்கே அலைவது? நான் மேலே போய்க் கேட்டுப் பார்க்கிறேன்" என்று துள்ளி புறப்பட்டாள்.

முதலில் பன்றிகளிடம் போனாள். "கோரையன் அண்ணே, உங்கள் மண் என் வாசலை அடைக்கிறது."

"தோண்டுவது என் வேலை. எங்கே போகிறாய் என்று நீ மண்ணைத்தான் கேட்கவேண்டும்" என்றான் கோரையன், மண்ணிலிருந்து மூக்கை எடுக்காமலே.

குரங்குத் தலைவனிடம் போனாள். "மேலே இருந்து வந்ததைக் கீழே அனுப்பினேன். நான் வெறும் தபால்காரன், தங்கச்சி" என்றான் தாவுடையான்.

"பலாத்தோலுமா மேலே இருந்து வந்தது?"

"அதுவா? அது வழியில் சேர்ந்துகொண்டது."

கடைசியில் வேழம்மையிடம் போனாள். "தண்ணீர் கீழேதானே ஓடும்? மேலே ஓடச் சொன்னால் ஓடுமா? என் பகுதியைப் பார், பளிங்கு" என்றாள் வேழம்மை.

துள்ளிக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கத்திப் பயனில்லை. கேட்க மனமில்லாவிட்டால் யானைக் காது இருந்தும் என்ன?

மறுநாள் காட்டுக்கூட்டம் கூடியது. துள்ளி எழுந்து நின்றாள்.

"நம் மயிலாருக்குத்தான் எவ்வளவு அலைச்சல். மலையிலிருந்து கடல்வரை நடந்தால் அந்தத் தோகை என்ன ஆகும்?"

மயிலார் பதறிப்போய்த் தன் தோகையைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாம், நுனியில் சேறு படத்தான் செய்கிறது" என்றார்.

"அவர் ஓய்வெடுக்கட்டும். இந்த முறை நாமே நடுவராக இருப்போம். அவரவர் பகுதியை, அவரவருக்குக் கீழே இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும்."

"எங்களைப் பார்க்க இந்தக் குரங்குகளா?" என்று வேழம்மை காதை விசிறினாள்.

"பளிங்குதானே பெரியம்மா, பிறகு என்ன பயம்?" என்றான் தாவுடையான்.

"பயமா, எனக்கா? தாராளமாகப் பார்த்துக்கொள்."

"அப்படியானால் உன்னைப் பார்க்கப்போவது நான்" என்று கோரையன் தாவுடையானை நோக்கி உறுமினான். "என்னை இந்தத் துள்ளி பார்க்கட்டும், எனக்கென்ன?"

"சரி, துள்ளியை யார் பார்ப்பது?" என்றாள் வேழம்மை.

"எனக்குக் கீழே கடல்தான். கடல் ஏறி வந்து பேசாது. நீங்களே இறங்கி வந்து பாருங்கள், பெரியம்மா."

எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தவர் குறையைப் பார்க்கிற வேலை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை மட்டும் அப்போது யாரும் நினைக்கவில்லை.

சுத்தம் செய்யும் நாள் விடிந்தது. யானைகள் வழக்கம்போல ஒரு தள்ளு தள்ளின. கீழே மரக்கிளையில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"வாருங்கள், வாருங்கள்" என்று தாவுடையான் மிதந்து வந்த மூங்கிலை வரவேற்றான். "பெரியம்மா, உங்கள் சுத்தம் எல்லாம் இங்கே வந்துவிட்டது. நடுவர் பார்த்துவிட்டார். முதல் குளியலை மறந்துவிடுங்கள்."

வேழம்மைக்குச் சுருக்கென்றது. "இழுத்து வாருங்கள், கரையில் போடுங்கள்" என்று தன் கூட்டத்தை விரட்டினாள். யானைகள் தண்ணீரில் இறங்கி மூங்கிலை இழுத்தன. குரங்குகள் கைதட்டிச் சிரித்தன.

அந்தச் சிரிப்பு அதிக நேரம் நீடிக்கவில்லை. "இந்தப் பலாத்தோல் யாருடையது? நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று கீழேயிருந்து ஓர் உறுமல் கேட்டது. இப்போது குரங்குகள் ஓடி ஓடிப் பொறுக்கின. கோரையனாலும் சும்மா இருக்கமுடியவில்லை. துள்ளி நீருக்குமேல் தலையை நீட்டி, கலங்கல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பன்றிகள் தோண்டிய மண்ணைக் கரையிலேயே மிதித்து இறுக்கின.

பிறகு வேழம்மை தன் நடுவர் வேலையைச் செய்யக் கீழே இறங்கினாள். வேடிக்கை பார்க்க எல்லோரும் பின்னால் போனார்கள். அவள் ஆற்றின் கடைசிவரை வந்தது அதுதான் முதல் தடவை.

பாறை இடுக்கைப் பார்த்ததும் அவள் முகம் சுளித்தது. "படுமோசம். நீ தோற்றுவிட்டாய், துள்ளி."

"ஒத்துக்கொள்கிறேன். தீர்ப்புச் சொல்லும் முன்பு அந்தக் கட்டையை மட்டும் கொஞ்சம் பாருங்கள்."

வேழம்மை பார்த்தாள். "இது நான் முதுகு சொறிகிற வேங்கைக் கட்டை அல்லவா? இது எப்படி இங்கே..." என்று பாதியில் நிறுத்தினாள்.

தாவுடையான் மெல்ல நழுவப் பார்த்தான். கால் ஒரு பழைய பலாத்தோலில் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்தான். பலாமரங்கள் குரங்குகளின் பகுதியில் மட்டும்தான் உண்டு. கோரையன் மேட்டை முகர்ந்து பார்த்தான். "எங்கள் செம்மண்தான். கிழங்கு வாசம்கூடப் போகவில்லை" என்றான்.

அப்போது வளைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது.

"உள்ளே யார்?" என்றாள் வேழம்மை.

"என் பிள்ளைகள், பெரியம்மா. இன்னும் கண் திறக்கவில்லை."

வேழம்மைக்கு வெட்கமாக இருந்தது. அவளும் பிள்ளை பெற்றவள்தானே. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மலைப்பக்கம் இடி இடித்தது. மேலே மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

வேழம்மை கட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை, கொடிகள் சுற்றியிருந்தன. குரங்குகள் பாய்ந்து கொடிகளை அவிழ்த்தன. அப்போதும் அசையவில்லை, மண் இறுகியிருந்தது. "என் மண்ணை நான்தான் எடுப்பேன், யாரும் தொடாதீர்கள்" என்று கோரையன் பிடிவாதமாகத் தோண்டினான். துள்ளியும் அவள் கணவனும் அடியில் மூழ்கி, சிக்கிய வேர்களைக் கடித்து அறுத்தார்கள்.

"இப்போது இழுங்கள், பெரியம்மா" என்று துள்ளி கூவினாள்.

கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. அதே வேகத்தில் புதுவெள்ளமும் வந்தது. செந்நிறமாகச் சுழித்து, எல்லோர் தலையிலும் நீரை வாரி இறைத்து, பாறை இடுக்கு வழியாகக் கடலுக்குப் பாய்ந்தது. வளையின் வாசலைத் தொடாமல், அதற்குக் கீழாகவே போனது. உள்ளே குட்டிகள் பால் குடிக்கும் கனவில் வாயைச் சப்பிக்கொண்டு தூங்கின.

வேழம்மை காதுகளிலிருந்து தண்ணீரை உதறினாள். "இன்னும் தீர்ப்பே சொல்லவில்லையே. இந்த ஆண்டு முதல் குளியல் யாருக்கு?" என்று கேட்டாள்.

சொட்டச் சொட்ட நின்றிருந்த தாவுடையான் சுற்றிலும் பார்த்தான். யானை, குரங்கு, பன்றி, நீர்நாய் எல்லோரும் ஒரே வெள்ளத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"குளித்து முடித்துவிட்டுக் கேட்கிறீர்களே, பெரியம்மா" என்றான்.

நீதி: தன் பங்கு சுத்தமா என்பதைக் கீழே இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும், எல்லோரும் சேர்ந்து காத்தால்தான் ஆறு எல்லோரையும் காக்கும்.