ராஜா உட்கார்ந்த வெயிட்டிங் ரூம்

கும்பினித் துரைமார் நம் சீமைக்குப் புதிதாக வந்திருந்த காலத்தில், மருதங்குடியைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். துரையைப் பார்க்கப் பட்டணம் போனவன், அங்கே தன்னை உட்கார வைத்த அறைக்கு ‘வெயிட்டிங் ரூம்’ என்று பெயர் எனத் தெரிந்துகொண்டு திரும்பினான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று சபையில் கேட்டான்.

மந்திரி பட்டாபிராயர் முந்திக்கொண்டார். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்தவர். ராஜாவை வேறு யாரும் நெருங்குவது அவருக்குப் பொறுக்காது. “வெயிட்டிங் என்றால் காத்திருப்பது, ரூம் என்றால் அறை, பிரபு. வைத்தியர் வீட்டிலும் இருக்கும், சர்க்கார் கச்சேரியிலும் இருக்கும். எவ்வளவு நேரம் காக்க வைக்கிறோமோ, அவ்வளவு பெரிய மனிதர் நாம்.”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. பத்தே நாளில் அரண்மனையிலும் மெத்தை போட்ட ஒரு வெயிட்டிங் ரூம் எழும்பியது. உள்ளே வருகிறவர் பெயரை வரிசையாக எழுத வேண்டும். சிம்மாசனத்தில் இருந்து ராஜா அந்த வரிசைப்படி கூப்பிட்டால்தான் வெளியே வரலாம். ராயர் சட்டம் எழுத, ராஜா முத்திரை வைத்தான்.

முதலில் போனவள் மாடத்தி, கடைமடைக் குடியானவள். ஏரி மதகைத் திறக்கச் சொல்லிப் பதினாறு பேரோடு வந்திருந்தாள். நெல் கதிர் விடும் பருவம். ஐந்து நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர். நான்கு நாள் உட்கார்ந்தார்கள். ஒருவரையும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலை, அறையின் அழகைப் பார்க்க ராஜா வாசலில் வந்து நின்றான். மாடத்தி அழவில்லை. கெஞ்சிக் கிடைத்த தண்ணீர் எந்த நாட்டிலும் கடைமடைவரை போனதில்லை என்று அறிந்தவள் அவள். இப்படியொரு மெத்தை துரை வீட்டிலும் இருக்காது, உட்கார்ந்து பார்த்தால்தான் அருமை தெரியும் என்றாள். ராஜா உள்ளே வந்து சாய்ந்து உட்கார்ந்தான். காவல்காரன் சங்கன் பதினெட்டாவதாக அவன் பெயரையும் எழுதிக்கொண்டான்.

ராஜா எழுந்து வந்தபோது சங்கன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

“கூப்பிடட்டும் சாமி, விடுகிறேன்.”

“கூப்பிடுகிறவனே நான்தானடா.”

“சிம்மாசனத்தில் இருந்து கூப்பிட வேணும். உங்கள் முத்திரைதான் சாமி.”

சட்டத்தைத் தானே கிழித்தால் முத்திரைக்கு என்ன மதிப்பு என்று ராஜா தவித்தான். ராயருக்கு ஆள் போயிற்று. வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே கால் வைத்தால் தான் பத்தொன்பது என்று அவருக்குத் தெரியும்.

உச்சிவெயில் ஏறியது. மாடத்தி மெல்லச் சொன்னாள்: “சிம்மாசனத்தை இங்கே தூக்கிவரச் சொல்லுங்கள், மகராசா.”

எட்டுப் பேர் தூக்கிவந்து, தாங்கள் உள்ளே கால் வைக்காமல் வாசல் வழியே தள்ளிவிட்டார்கள். ராஜா ஏறி உட்கார்ந்து தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். வரிசையில் தனக்கு முன்னால் பதினேழு பேர் இருப்பது அப்போதுதான் உறைத்தது. முதல் பெயர் மாடத்தி. அவள் வழக்கைக் கேட்டான், மதகைத் திறக்க உத்தரவிட்டான். மற்றப் பதினாறு பேரும் அவரவர் வயலைச் சொன்னார்கள், அதையும் கேட்டான். கடைசியாகத் தன்னைத் தானே கூப்பிட்டு வெளியே வந்தான்.

“அந்தச் சொல்லுக்கு நீ என்ன அர்த்தம் சொல்வாய், மாடத்தி?”

“எனக்குத் துரை பாஷை தெரியாது. கூப்பிட ஆள் இருந்தால் அது காத்திருக்கிற அறை. இல்லாவிட்டால் நம் ஊரில் அதற்குச் சிறை என்று பேர்.”

ராஜா தலைகுனிந்தான். மதகின் அதிகாரத்தை அன்றே அவளிடம் ஒப்படைத்து, அவள் சொல்படி பலகை தூக்கும் வேலையை ராயருக்குக் கொடுத்தான். ராயர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் சொன்ன உயரத்துக்கு மதகுப் பலகையைத் தூக்கினார். மாடத்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினாறு பேரோடு, தண்ணீருக்கு முன்னால், வாய்க்காலில் நடந்துகொண்டிருந்தாள்.