வரியன் காட்டிய நாற்பது வடம்

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய சரிவில், வரியன் என்ற அணில் ஒரு கயிற்றுப் பட்டறை நடத்தி வந்தது, பிள்ளைகளே. ஆறு அணில்கள் அங்கே வேலை பார்த்தன. கற்றாழை நாரை ஊறவைத்து, அடித்து, அலசி, பொறுமையாக முறுக்கி வடம் திரிக்கும். வரியனின் வடம் அறுந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மழைக்காலத்தில் நார் காயாது. கயிறு வாங்க ஆளும் வராது. போன மழைக்கே பட்டறை மூடுகிற நிலைக்குப் போய்த் தப்பியது. இன்னொரு மழையைத் தாங்காது என்று வரியனுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தச் சமயத்தில் சிங்கராஜாவின் அரண்மனை ஆலமரத்தில் ஓர் அறிவிப்பைக் கட்டியது. ஆற்றின் குறுக்கே தொங்குபாலம் கட்ட நாற்பது வடம் வேண்டுமாம். பட்டறையை நேரில் பார்த்த பிறகுதான் வேலை தருவார்களாம். அறிவிப்பு நீளமாக இருந்தது. நாற்பது என்று படித்ததுமே வரியன் மீதியைப் படிக்காமல் ஓடிவந்துவிட்டது.

பட்டறையில் இருந்ததோ பத்தே வடம்.

அரண்மனை வேலை பிடித்துத் தருவதையே பிழைப்பாகக் கொண்ட நரியிடம் போய் வரியன் யோசனை கேட்டது.

"பத்தைக் காட்டினால் அதிகாரி வாசலோடு திரும்பிவிடுவார், தம்பி. பக்கத்துப் பட்டறைக் குரங்கிடம் முப்பது வடம் இரவல் வாங்கு. அவன் ஆட்களையும் ஒரு நாளைக்குக் கூட்டி வந்து நிறுத்து" என்றது நரி.

"அது வாழைநார் ஆயிற்றே, அண்ணே. பலம் இருக்காதே."

"சும்மா பார்க்கத்தானே வருகிறார்கள்? வேலை கைக்கு வந்ததும் உன் வடத்தையே திரித்துக் கொடு."

வரியனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் தன்னை நம்பியிருந்த ஆறு அணில்களை நினைத்துத் தலையாட்டிவிட்டது. இரவல் வடங்கள் வந்து இறங்கின. அவை வெள்ளைவெளேரென்று பளபளத்ததால், அசட்டு அணில் தன் வடங்களை அடியில் தள்ளி அவற்றை மேலே அடுக்கியது.

மறுநாள் காலை அதிகாரி யானை வந்தது. இரவல் ஆளாக வரிசையில் நின்ற ஒரு குரங்கிடம், நார் ஊறவைக்கும் தொட்டி எங்கே என்று கேட்டது. குரங்கு தலையைச் சொறிந்தது. வரியன் முந்திக்கொண்டு பதில் சொன்னது. யானை மூலை மூலையாக நின்று பார்த்தது.

கடைசியில் யானை குவியலின் மேலிருந்து ஒரு வடத்தை உருவியது. ஒரு முனையை மரத்தில் கட்டச் சொல்லி, மறுமுனையைத் துதிக்கையில் சுற்றிக்கொண்டு ஓரடி பின்னால் போனது. வடம் விறைத்தது. இன்னும் ஓரடி வைத்ததும் படீரென்று அறுந்தது.

"அது என்னுடையது இல்லை, அம்மா" என்றது வரியன். அடியிலிருந்து தன் வடம் ஒன்றை இழுத்து வந்து கட்டியது.

யானை இழுத்தது. மூன்றடி, நாலடி போனது. மரமே வளைந்தது; வடம் அறவில்லை.

வரியனுக்குப் போன உயிர் திரும்பியது. "இதுபோல் பத்து இருக்கிறது, அம்மா."

"அறிவிப்பின் கடைசி வரியைப் படித்தாயா?"

"இல்லை, அம்மா."

"சிறிய பட்டறைகள் தங்களால் முடிந்த பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இந்தப் பத்தை மட்டும் காட்டியிருந்தால் இப்போதே வேலை கொடுத்திருப்பேன். நாளைக்குப் பாலத்தில் குட்டிகள் நடக்கும். நீ தரும் வடத்தில் எது உன்னுடையது, எது இரவல் என்று நான் எப்படி நம்புவது?"

யானை தன் பட்டியலில் வரியனின் பெயரை அடித்துவிட்டு அடுத்த பட்டறைக்கு நடந்தது. குரங்குகள் தங்கள் வடங்களைச் சுருட்டிக்கொண்டு போயின. வரியன் தன்னுடைய பத்து நல்ல வடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதது.

நீதி: இரவல் பலத்தைக் காட்டியவனின் சொந்தப் பலத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.