சாயாத ஹெட்செட்

"மூணும் பொய் சொல்லுது மேடம்."

இதைச் சொல்லும்போது தணிகாசலம் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஃபிலோமினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த மூணு?"

"ஹெட்செட். மூணு கம்பெனி. மூணும் ஒரே பொய்."

"சொல்லி வெச்ச மாதிரியா?"

"பின்னே? ஒரே ஃபேக்டரியில செஞ்சு, ஸ்டிக்கரை மட்டும் மாத்தி ஒட்டறான். எனக்குத் தெரியாதா?"

"உள்ள வாங்க சார்."

அவர் உடனே வரவில்லை. முதலில் எட்டிப் பார்த்தார்.

ஃபிலோமினாவுக்கு முப்பத்தாறு வயது. நிஜ விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். இப்போது ஏலகிரி மலைமேல் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் விமானம் வைத்துக் கற்றுக்கொடுக்கிறாள். அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருக்க வேண்டும் என்றால் கண்ணை மறைத்துத் தலையில் ஒரு ஹெட்செட் மாட்ட வேண்டும். எதை வாங்குவது என்று தெரியாதவர்கள் எல்லாம் மலையேறி அவளிடம் வருவார்கள். பாதிப் பேர் எதையும் வாங்காமல் இறங்கிப் போவார்கள். கடைக்காரர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

தணிகாசலத்துக்கு நாற்பத்தொன்பது. ஆம்பூர் பைபாஸில் லாரி எடை மேடை வைத்திருக்கிறார். லாரிக்காரர்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியதில், கோயிலில் பிரசாதம் கொடுத்தாலும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாயில் போடுகிற ஆளாகிவிட்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்."

தன் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

பிறகு போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பேசறதைப் பதிவு பண்றேன். தப்பா நினைக்காதீங்க."

"நினைச்சா நிறுத்திடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு சார் கேட்டுக்கிட்டு? விஷயத்தைச் சொல்லுங்க."

சொன்னார்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்காகப் போன மாதம் பயிற்சி விமானத்தில் போனார். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் ரெஹானா. இருபத்தாறு வயதுப் பெண். திடீரென்று ஒரு மேகம் வந்து மூடிக்கொண்டது.

"நான் நேராப் போயிட்டிருந்தேன் மேடம். கல்லு மாதிரி. திடீர்னு அந்தப் பொண்ணு கத்தினா. விமானத்தைத் திருப்பற ஸ்டிக்கைப் பிடிச்சா. படார்னு இடது பக்கம் திருப்பிட்டா. வயிறு வாய்க்கு வந்துடுச்சு."

"நீங்க ஸ்டிக்கை விட்டீங்களா?"

"நான் ஏன் விடணும்? நேராத்தானே போயிட்டிருந்தேன்? கையில அடிச்சுப் பிடுங்கினா."

"அவ என்ன சொல்றா?"

"நான் வலது பக்கம் சாஞ்சு சாஞ்சு இறங்கிக்கிட்டிருந்தேனாம். இன்னும் பத்து செகண்ட் விட்டிருந்தா ரெண்டு பேரும் மலையில போய் மோதியிருப்போமாம். தன் தப்பை மறைக்கப் பேசறா."

"விமானம் எப்படிப் போச்சுன்னு பதிவாகற மெமரி கார்டு இருக்குமே?"

"இருக்கு. யாரையும் தொட விடலை. என் கையாலயே காப்பி எடுத்தேன். வீட்ல கம்ப்யூட்டர்ல போட்டு, அந்தப் பயணத்தை அப்படியே திரும்ப ஓட்டிப் பார்த்தேன்."

"ஸ்கிரீன்ல என்ன தெரிஞ்சுது?"

அவர் கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"வலது பக்கம் சாயுது."

"ம்."

"ஸ்கிரீன் தட்டை மேடம். தட்டையில பார்த்தா எதுதான் சரியாத் தெரியும்? அதனாலதான் ஹெட்செட் வாங்கினேன். உள்ளேயே உக்காந்து பார்த்தா உண்மை தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதா?"

"வலது பக்கம் சாயுது."

"ரெண்டாவதுல?"

"வலது."

"மூணாவதுல?"

"அதுவும்தான். மேஜைமேல ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன். நாற்காலிமேல வெச்சுப் பார்த்தேன். எல்லாம் மட்டமாத்தான் இருக்கு. ஹெட்செட்டுலதான் கோளாறு."

"வீட்ல வேற யாராவது மாட்டிப் பார்த்தாங்களா?"

"என் மனைவி பார்த்தா. அவளுக்கும் வலது பக்கம்தான் சாயுதாம்."

"அவங்களுமா பொய் சொல்றாங்க?"

"அவளுக்கு என்னைக்கு எனக்குச் சாதகமாத் தெரிஞ்சிருக்கு?"

ஃபிலோமினா சிரிக்கவில்லை. வாயை மட்டும் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"ட்ராக்கிங் நழுவுது மேடம். தலையை நேரா வெச்சாலும் காட்சி மெல்ல மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கும். ஹெட்செட்டுக்கு அது பெரிய வியாதி. நெட்ல அத்தனை பேர் எழுதியிருக்கான்."

அப்படி ஒரு வியாதி உண்டுதான். முழுப் பொய்யைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் இவரை அனுப்பிவைப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"நெட்ல எழுதறவங்களை மட்டும் நம்பறீங்களா?"

"வாங்காதேன்னு சொல்றவனை நம்புவேன். வாங்குன்னு சொல்றவனை நம்ப மாட்டேன். வீடியோவுல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே பேசறான். ஒரு பொருளைப் பார்த்து ஒருத்தன் எதுக்கு மேடம் சிரிக்கணும்?"

"இப்ப என்கிட்ட என்ன வேணும்?"

"சாயாத ஹெட்செட் ஒண்ணு. நான் கொடுத்த புகாருக்குத் திங்கட்கிழமை விசாரணை. அதை எடுத்துட்டுப் போய் பயிற்சிப் பள்ளி ஆளுங்க தலையில மாட்டிக் காட்டணும். நான் நேராப் போனேன்னு அவங்களே பார்க்கணும்."

"பார்த்தா?"

"அந்தப் பொண்ணு இனிமே யாருக்கும் கத்துக்கொடுக்க முடியாது. இப்பவே வேலைக்கு வரவேண்டாம்னு வீட்ல உக்கார வெச்சிருக்காங்க."

லோடு அதிகம், இறக்கிவிட்டு வா என்று லாரிக்காரரிடம் சொல்வது போலத்தான் அதைச் சொன்னார்.

"ரெஹானாவை எனக்குத் தெரியும்," என்றாள் ஃபிலோமினா.

"எப்படித் தெரியும்?"

"விமானம் ஓட்ட அவளுக்கு நான்தான் கத்துக்கொடுத்தேன்."

தணிகாசலம் எழுந்தார். போனை எடுத்தார். பையை மாட்டினார்.

"மலை ஏறும்போதே நினைச்சேன்."

"பதினாலு வளைவு ஏறி வந்திருக்கீங்க. வெறுங்கையோட போவானேன்? அலமாரியில ஆறு ஹெட்செட் இருக்கு. நான் எதையும் தொடலை. நீங்களே ஒண்ணை எடுங்க, மாட்டிப் பாருங்க. அது சாயலைன்னா எடுத்துட்டுப் போங்க. விசாரணைக்கு நானும் வந்து, சாயலைன்னு சொல்றேன்."

அவர் நின்றார். இதில் எங்கே சூது இருக்கிறது என்று தேடினார். அகப்படவில்லை. அதனால் சந்தேகம் இரண்டு மடங்கானது.

ஆனாலும் பையை இறக்கினார்.

"இதுல எது உங்களுக்குக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது?"

"எல்லாம் உடைஞ்சு போச்சுன்னு வீசினது சார். நான் பொறுக்கி வெச்சிருக்கேன்."

பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு வந்தது. சின்னத் திரையில் கிராம் காட்டுகிற வகை. ஒவ்வொரு ஹெட்செட்டாக அதன்மேல் வைத்தார். எண்ணைப் பார்த்தார். திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தார்.

ஃபிலோமினா சும்மா நிற்கப் பிடிக்காமல் கேட்டாள்.

"எடை மேடையில தகராறு வருமா சார்?"

"தினம் நாலு பேர் வருவான். மெஷின் தப்புங்க, ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே எனக்கு லோடு தெரியும், இது எட்டு டன்தான்னுவான்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"உனக்குத் தோணுறதை உன் வீட்ல வெச்சுக்கோ, இறங்கி வந்து நம்பரைப் பாருன்னுவேன்."

சொல்லிவிட்டு நாலாவது ஹெட்செட்டை எடுத்துத் தராசில் வைத்தார்.

ஐந்தாவது அவருக்குப் பிடித்துப்போனது.

"இதான் எடை கம்மி. கழுத்து வலிக்காது. கம்பெனி பேரும் அழிஞ்சு போயிருக்கு. இதுக்கு எவனும் உங்களுக்குக் கமிஷன் தர முடியாது."

"நல்லதாத்தான் எடுத்திருக்கீங்க."

அவள் பாராட்டியதும் அவர் முகம் சுருங்கியது. ஹெட்செட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். இருந்தாலும் கீழே வைக்கவில்லை.

அறை நடுவில் சுழலும் நாற்காலி ஒன்று இருந்தது. உட்காருவதற்கு முன் குனிந்து அதன் அடியைப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டிருக்கு."

"ஆமா. கிறீச்சுன்னா எனக்குத் தலைவலி வரும்."

உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியலையே?"

"அன்னைக்கு மேகத்துக்குள்ள என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலை."

"அப்ப சரியாத்தான் இருக்கு."

இதில் குறை கண்டுபிடிக்க அவர் வாயைத் திறந்தார். கிடைக்கவில்லை. மூடிக்கொண்டார்.

"தலையை ஆட்டாதீங்க சார். எந்தப் பக்கம் திரும்பறோம்னு மட்டும் சொல்லிக்கிட்டே வாங்க."

ஃபிலோமினா நாற்காலியின் முதுகில் கை வைத்து வலது பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள். பால்கோவா கிண்டுகிற மாதிரி. மெதுவாக, கை நிற்காமல், ஒரே சீராக.

"வலது."

"ம்."

"வலதுதான்."

"ம்."

"இன்னும் வலது. குறையுது."

அவள் குறைக்கவில்லை.

"இப்ப ரொம்பக் குறைஞ்சுடுச்சு."

ஜன்னல் அவர் முகத்துக்கு எதிரே வந்து போனது. அலமாரி வந்து போனது. வாசல் வந்து போனது. மறுபடியும் ஜன்னல்.

"நின்னுடுச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நேராப் போறோம். ஆட்டம் இல்லை, அசைவு இல்லை."

அலமாரி வந்து போனது.

"மேடம்!" அவர் குரலே மாறிவிட்டது. ஹெட்செட்டுக்குக் கீழே பல் தெரிந்தது. "இதுதான்! இதான் நான் தேடினது! அன்னைக்கு மேகத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. இது சாயலை. இதோட மாடல் நம்பர் என்ன?"

"இருங்க, சொல்றேன்."

சமையலறையில் அடுப்பில் வைத்த பால் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஃபிலோமினா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். கையை எடுத்தாள். வெறுங்காலோடு உள்ளே போனாள்.

"ஏய்!"

"மேடம், என்ன பண்றீங்க? இடது பக்கம் திருப்பறீங்க!"

நாற்காலி அசையாமல் நின்றிருந்தது.

"இடது! வேகமா இடது! விளையாடாதீங்க மேடம்!" இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும், நீங்களும் அவ ஆளு! விடுங்க! நாற்காலியை விடுங்கன்னு சொல்றேன்!"

"சார்."

குரல் சமையலறையிலிருந்து வந்தது.

"பால் பொங்கிடுச்சு, அதான் வந்தேன். என்னவோ சொன்னீங்களே?"

தணிகாசலம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். உள்ளே பாத்திரத்தை இறக்கிவைக்கும் சத்தம். கரண்டி சத்தம். பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"யாரு என்னைத் திருப்பறது?"

"வீட்ல நாம ரெண்டு பேர்தான் சார் இருக்கோம்."

"அப்ப இந்த ஹெட்செட்தான்." குரல் இறங்கிவிட்டது. "இதுவும் நழுவுது. இதுவும் பொய்."

"அதுல ஸ்கிரீனே கிடையாது சார். போன வருஷமே கழட்டி வேற ஒண்ணுக்குப் போட்டுட்டேன். அதான் எடை கம்மி. நேராப் போறோம்னு நீங்க சொன்னப்பவும் நான் வலது பக்கம் சுத்திக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் ஹெட்செட்டைப் பிய்த்தெடுத்தார். உள்ளே பார்த்தார். இரண்டு வட்டக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் வெறும் கறுப்பு மூடிதான் இருந்தது.

"எந்திரிச்சுடாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே உக்காருங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உட்காரச் சொன்னதால் எழுந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லை. நேராத்தான் நிக்கிறேன்."

நேராக நின்றுகொண்டே வலது பக்கம் போனார். அலமாரியின் மூலை அவர் நெற்றியை நோக்கி வந்தது.

ஃபிலோமினா ஓடிவந்து கையைப் பிடித்தாள். படாரென்று இடது பக்கம் இழுத்தாள்.

"விடு..."

அந்த ஒரு சொல் பாதியில் நின்றது.

அலமாரி மூலையைப் பார்த்தார். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

உதறவில்லை.

"மேடம்."

"ம்."

"இப்ப நேரா நிக்கிறேனா?"

"இல்லை சார்."

"சரி," என்றார்.

அவள் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.

"நேரானதும் சொல்லுங்க மேடம். அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் பண்ணணும்."

"அதுக்கு எதுக்கு சார் நேரா நிக்கணும்? உக்காந்துக்கிட்டே பண்ணுங்க."