மந்தாரை இலை தைத்த ஆவுடையம்மை

பொழிலூர்ச் சிவன் கோயிலில் அன்னம் உண்டவர்கள் ஏராளம். அந்த அன்னத்தைத் தாங்கிய இலையைத் தைத்தவர் யார் என்று கேட்டவர் ஒருவருமில்லை. பந்தி முடிந்தால் இலை குப்பைக்குப் போய்விடும். தைத்தவர் பெயர் யாருக்கு வேண்டும்? அவர் பெயர் ஆவுடையம்மை. மலையடிவாரத்தில் மந்தாரை இலை பறித்து, வெயிலில் வாட்டி, தென்னை ஈர்க்கைச் சிறு துண்டுகளாக ஒடித்துக் குத்தி, இலையோடு இலை சேர்த்துத் தட்டாக்குவார். ஒவ்வொரு குத்துக்கும் "சிவாயநம" என்பார். மந்தாரை இலையில் சுடுசோறு விழுந்ததும் ஒரு மணம் எழுமே, அது பந்தியிலிருந்து வரும்போது அம்மையாருக்கு வயிறு நிறைந்துவிடும்.

அவர் குடிசை வாசலிலும் ஒரு வெள்ளை மந்தாரை நின்றது. நட்டவர் அவர் கணவர் இசக்கியார். "எல எல்லாருக்கும், பூ சாமிக்கு" என்று சொல்லி நட்ட மனிதர், அது பூப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். அந்தப் பூவைக் கோயில் சுவாமியான பொழிலாண்டவர் மார்பில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மையார் ஏங்கினார். சோறு இறங்காத ஏக்கம் அது. ஆனால் மந்தாரை மொட்டு விடும் காலமும் பங்குனித் திருவிழாவும் ஒன்றாகவே வரும். மலைச் செடிகள் அப்போது இலை உதிர்த்து நிற்கும். தண்ணீர் ஊற்றி வளர்த்த வாசல் செடியில்தான் இலை இருக்கும். பந்திக்கு இலை போதாமல் ஆண்டுதோறும் அதன் கிளைகளை வெட்டுவார். மொட்டுகளும் கூடவே போகும்.

ஒரு வருடம் முன்யோசனையாக மாசியிலேயே கட்டுக்கட்டாகத் தைத்து அடுக்கி வைத்தார். வாசல் செடி தப்பித்தது. கிளையெங்கும் மொட்டு, ஓரிரு நாளில் விரிந்துவிடும் என்ற பருவம். உத்திரத்துக்கு முந்தின மாலை கோடை மழை கொட்டியது. கூரை ஒழுகி, தைத்த இலையெல்லாம் ஊறி நைந்துபோயிற்று. ஊர் வாழைத்தோட்டங்களும் காற்றில் சாய்ந்து கிழிந்தன. காலையில் கோயில் மணியக்காரர் வந்து நின்றார்.

"ஆவுடை, எல எங்க?"

"நனைஞ்சு போச்சு, ஐயா."

"நடந்து வந்த சனம் பசியோட கெடக்கு. வாசல்ல இம்புட்டு எலய வச்சிக்கிட்டு இல்லேங்கியே!"

"ஒரு நா பொறுங்கய்யா. நாளைக்குப் பூத்துரும்."

"பூவையா திங்கப் போறாவ?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மையார் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீயே சொல்லு, சாமி. ஒனக்குப் பூவா, ஒன் பிள்ளையளுக்கு எலயா?" கோயில் பக்கமிருந்து யாத்திரிகர்களின் பாட்டு வறண்ட குரலில் கேட்டது. அம்மையார் அரிவாளை எடுத்தார்.

வெட்டிய கிளைகளில் இருந்த மொட்டுகளை மனம் கேளாமல் மடியில் கட்டிக்கொண்டு, பூக்கட்டும் பண்டாரத்திடம் போனார்.

"விரியாத மொட்ட சாமிக்குச் சாத்த முடியுமா? கொண்டுபோயி பொரியல் பண்ணு, வயித்துக்கு நல்லது" என்றார் பண்டாரம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வந்து தைக்க உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்தது, கை நிற்கவில்லை. அது கண்ணை மறைத்ததில் முதல் தட்டிலேயே ஒரு தவறு நேர்ந்துவிட்டது. மடிந்த இலைக்குள் ஒரு மொட்டு சிக்கியிருந்ததைப் பார்க்காமல், அதன் காம்பையும் சேர்த்து ஈர்க்கால் குத்திவிட்டார். அந்த ஊரில் முதல் தட்டு சுவாமி படையலுக்குப் போவது வழக்கம்.

உச்சிக்காலத்தில் பட்டர் அந்தத் தட்டில் ஆவி பறக்கும் பொங்கலை இட்டுத் திரையை இழுத்தார். கூட்டத்தின் கடைசியில் அம்மையார் தலை குனிந்து நின்றார். மணி அடித்தது, திரை விலகியது. தீபத்தை எடுத்த பட்டர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவாமியின் மார்பில், பண்டாரம் கட்டிய மாலைகளுக்கு மேலே, ஒரு வெள்ளை மந்தாரை விரிந்திருந்தது. பொங்கலின் ஆவி பட்ட ஈரம் அதன் இதழ்களில் இருந்தது. காம்பில் ஒரு ஈர்க்குத் துண்டு. கீழே தட்டில் ஒரு தையல் விட்டிருந்தது; ஆனால் ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

"இந்தப் பூவ யாரு சாத்தினா?" என்று கேட்டார் பட்டர்.

"நான் கட்டலையே, சாமி!" என்றார் பண்டாரம்.

"இது எல தைக்கிற ஈர்க்கு. ஆவுடைய முன்னால வரச் சொல்லுங்க."

கூட்டம் வழி விட்டது. வாழ்நாளெல்லாம் ஏங்கிய காட்சியை ஆவுடையம்மை கண்டார். பூவைப் பார்த்தார்; காம்பில் இருந்த ஈர்க்கைப் பார்த்தார். மறுகணம் பதறிவிட்டார்.

"ஐயோ, மாருல குத்துமே! அத எடுத்துருங்க சாமி, எடுத்துருங்க!"

பட்டர் தீபத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார். இசக்கியாரின் பூ சுவாமி மார்பில் ஏறிவிட்டது என்று மகிழ அம்மையாருக்கு அதன் பிறகுதான் நினைவு வந்தது. இறைவனுக்கும் வலிக்குமே என்று துடித்த அந்த அன்பை, இலையில் சோறு விழும்போதெல்லாம் நாமும் நினைத்துக் கும்பிட்டுக்கொள்வோம்.