நீல வாசலைத் திறந்த கை

கதையை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்கள் பொறுப்பு.

"ஏழ்வாசல் நாடு" என்று ஒரு மாயநாட்டுத் தொடர்கதை. பாகத்துக்கு ஒரு வாசல் திறக்கும். எழுதியவர் நெய்தலூரான். ஆறு பாகம் முடித்துவிட்டு, ஏழாவதுக்கு நாற்பது பக்கக் குறிப்பை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போன வருடம் காலமானார். எங்கள் கூட்டத்துக்கு அந்த நாடுதான் உலகம். சொந்த வீட்டு மாடிக்கு எத்தனை படி என்று கேட்டால் முழிப்போம். ஏழ்வாசல் கோட்டைக்கு நானூற்றுப் பன்னிரண்டு என்று தூக்கத்திலும் சொல்வோம்.

வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாளையங்கோட்டையில் கூடி ஒருவரையொருவர் சோதித்துக்கொள்வது வழக்கம். கல்யாண மண்டபம் முழுவதையும் வாடகைக்கு எடுக்க வசதியில்லை. பந்திக் கூடத்தை மட்டும் எடுப்போம். பதிலில் சந்தேகம் வந்தால், "பக்கத்தைக் காட்டு" என்று கேட்கலாம். காட்டியே ஆக வேண்டும். இரண்டு பாகங்கள் முரணாக இருந்தால் பின்னால் வந்ததே செல்லும். முதல் பாகத்தில் செவலையாக இருந்த குதிரை மூன்றாம் பாகத்தில் கறுப்பானபோது, அடிதடி ஆகிவிடாமல் இருக்க நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம் அது.

இந்த வருடம் நெய்தலூரானின் மனைவி பிச்சம்மாள் ஒரு துணிப்பையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பையில் அந்த நாற்பது பக்கம். ஜெயிப்பவர் அதை வாங்கிக்கொண்டு ஏழாம் பாகத்தை எழுதி முடிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். "அந்த நாட்ட நல்லாத் தெரிஞ்ச ஒருத்தருட்ட குடுத்துட்டா எனக்கு நிம்மதி" என்றார்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எட்வின், லேத் பட்டறை வைத்திருப்பவர். ஆறு பாகத்தையும் வரி பிசகாமல் ஒப்பிப்பார். இன்னொருவர் மேலப்பாளையம் மெஹராஜ் அக்கா, தபால் ஆபீஸ் குமாஸ்தா. பன்னிரண்டு வருடமாக ஏழாம் பாகத்தைத் தன் போக்கில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறவர். அந்தப் பை கிடைக்காவிட்டால் இனி பேனாவைத் தொடுவதில்லை என்று எங்களிடமே சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

ஐம்பது கேள்வி வரை இருவரும் தவறவில்லை. எட்வினுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. "நீல வாசலக் கோளரி எந்தக் கையால தள்ளித் தெறந்தான்?" என்றார்.

இவ்வளவு சுலபமான கேள்வியா என்று எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாம் பாகத்தில் வாசல்காவலன் கோளரி, சிறையிலிருந்த ஆயிரம் பேரை வெளியே விடுகிற இடம் அது. அதைப் படித்து அழாதவர் அந்தக் கூடத்தில் இல்லை. ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையிலேயே அவன் கதவைத் தள்ளுகிற வரியை அச்சடித்திருந்தார்.

"இடது கை" என்றார் மெஹராஜ்.

"பக்கத்தக் காட்டுங்க அக்கா."

மெஹராஜ் இரண்டாம் பாகத்தைப் பிரித்தார். எண்பத்தெட்டாம் பக்கம். கோளரியின் வலது கையை எதிரிகள் மணிக்கட்டோடு வெட்டி ஆற்றில் எறிகிறார்கள். "இல்லாத கையால எப்படித் தம்பி தெறப்பான்?"

எட்வின் நாலாம் பாகத்தைப் பிரித்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். 'கோளரி தன் வலக்கையை நீலக் கதவில் வைத்துத் தள்ளினான்.'

இரண்டு புத்தகங்களையும் மாறி மாறிப் புரட்டினோம். இருபத்தெட்டு வருடமாகப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தோமே ஒழிய, அவனுக்குக் கை இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

சட்டப்படி பின்னால் வந்ததே செல்லும், எட்வின் ஜெயித்தார். மெஹராஜ் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார்.

"இரும்மா" என்றார் பிச்சம்மாள். "அந்தப் பக்கம் அவிய எழுதுனதில்ல. நாலாம் பாகம் முழுசும் நான் எழுதுனது. அவியளுக்கு ஒரு பக்கமா இழுத்துட்டு, வலது கை விளங்கல. பத்து மாசம் படுக்கையில கெடந்தாவ. பத்திரிகைக்கு வாராவாரம் போகணும்லா? எழுதி அவிய பேர்லயே அனுப்பிட்டேன்."

எந்த வரிக்கு அழுதோமோ அது நெய்தலூரானுடையது இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அதை அச்சடித்தவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

எட்வின் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப, கை வெட்டுப்பட்டது ஒங்களுக்கு மறந்துட்டாம்மா?"

"மறக்கலய்யா. கட்டில்ல ஒருத்தர் கை விளங்காமக் கெடக்கையில, கதையிலயும் ஒருத்தனக் கையில்லாம எழுத எனக்கு மனசு வரல. வலது கையாலயே தெறக்கட்டும்னு எழுதிட்டேன். அவியளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டு, கை போனதை மறக்காத மெஹராஜிடம் பையைக் கொடுத்தார். எட்வினோ, யார் எழுதினால் என்ன, அச்சில் இருப்பது இருப்பதுதான் என்கிறார். இப்போது நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தைக் காட்டியவர் எட்வின். தவறைக் கண்டுபிடித்தவர் மெஹராஜ். தெரிந்தே அந்தத் தவறைச் செய்தவர் பிச்சம்மாள். ஏழாம் பாகத்தை எழுதவேண்டியவர் யார்?

விடை: பிச்சம்மாள்தான். எட்வினுக்குப் புத்தகம் தெரியும், மெஹராஜுக்கு அந்த நாடே தெரியும்; ஆனால் அங்கே போய் ஒருவனுக்கு நல்லது செய்துவிட்டு வந்தவர் பிச்சம்மாள் ஒருவர்தான். இதை நானாகச் சொல்லவில்லை. நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது மெஹராஜ் அந்தப் பையைத் திரும்ப அவர் மடியிலேயே வைத்தார். "கோளரிக்குக் கை போனது எனக்கு நல்லாத் தெரியும்மா. அதத் திருப்பிக் குடுக்கணும்னு இத்தன வருசத்துல ஒரு நாளும் தோணல. நீங்களே எழுதுங்க" என்றார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் மேலப்பாளையம் பஸ்ஸுக்கு நடந்தார்.