உள்ளே விட்ட ஒன்றரை அங்குலம்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் தௌபீக். திருப்பூரில் ஒரு டயர்க் கடையின் மாடியில், பன்னிரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, இயந்திர பாகங்கள் வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சீடருக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் கோகிலா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர்.

மற்ற பதினோரு பேரும் பாலிடெக்னிக் பையன்கள். முதல் நாள் வாசலில் நின்றவளைப் பார்த்து அதில் ஒருத்தன், "அக்கா, பெருக்கறதுக்கு சாயங்காலமா வாங்க" என்றான். கோகிலா நேராகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதுக்குக்கா கத்துக்கறீங்க?" என்று கேட்டார் தௌபீக்.

"ஒரே ஒரு சாமான் வரையோணுங்க சார். அதை வரைஞ்சு முடிச்சதும் போயிருவேன்."

கூடையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அரை வட்டமாக வளைந்த ஒரு பிளாஸ்டிக் பட்டை. இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டல், காதுக்கு இரண்டு ஓட்டை. நடுவில் விரிசல் விட்டிருந்தது.

அவள் மகள் நிவேதிகாவுக்குப் பத்து வயது. தசை தேய்கிற வியாதி. இரண்டு காலுக்கும் கம்பி போட்டு, தொடையைச் சுற்றி இந்தப் பட்டையை மாட்டினால்தான் நிற்பாள். ஆஸ்பத்திரியில் புதுப் பட்டைக்கு எழுதி வைத்தால் நாலு மாதம் ஆகும் என்றார்கள். டாக்டரோ, "தினம் ஒரு மணி நேரமாவது நிக்க வைங்கம்மா. உக்கார வெச்சே விட்டுட்டீங்கன்னா அப்புறம் நிக்க வெக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டார். நாலு மாதம் எங்கே போவது? பக்கத்துத் தெருவில் பிளாஸ்டிக்கில் பொருள் பிரிண்ட் எடுக்கிறவர், "கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் கொண்டாங்க, அரை நாள்ல எடுத்துத் தர்றேன்" என்றார். அதனால்தான் அவள் மாடி ஏறினாள்.

தௌபீக் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நானே வரைஞ்சு தர்றேனே. பத்து நிமிஷ வேலை."

"வேண்டாங்க சார். வளர்ற புள்ள. வருசா வருசம் வேணுமுங்க. ஒவ்வொரு தடவையும் உங்க மாடி ஏறி நிக்க முடியுமா?"

அவர் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

முதல் பாடம், ஒரு கோடு. கோகிலா இழுத்தாள். கோடு நீல நிறத்தில் வந்தது. தெரியாமல் கை பட்டதும் அது ஒரு பக்கமாக ஓடியது. திருப்பி இழுத்தால் இன்னொரு பக்கம் சாய்ந்தது.

"இதென்னங்க சார், நிக்கவே மாட்டேங்குது?"

"நீங்க இன்னும் அதுகிட்ட ஒண்ணுமே சொல்லல."

"என்னங்க சொல்லோணும்?"

"எங்க ஆரம்பிக்கோணும், எவ்வளவு நீளம், எந்தப் பக்கம். சொல்லுங்க."

சொன்னாள். நீலம் போய்க் கறுப்பானது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அடேங்கப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பையன்கள் சிரித்தார்கள்.

துணி வெட்டுகிற கைக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. பதினைந்து நாளில் வளைவு வந்தது. இருபதாவது நாள் காதுகள் முளைத்தன. அவள் ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாக அளவு கொடுத்து வைத்திருந்ததை தௌபீக் அழிக்கச் சொன்னார்.

"சுற்றளவு ஒண்ணுதான் நீங்க குடுக்கோணும். மத்ததெல்லாம் அதைப் பாத்துத் தானா மாறோணும். எல்லாத்தையும் தனித்தனியாப் பூட்டி வெச்சா, ஒண்ணு மாறும்போது மத்தது உடைஞ்சுரும்."

அழித்தாள். அழுதுகொண்டேதான் அழித்தாள், ஆறு நாள் வேலை. மறுபடி வரைந்தாள்.

பிரிண்ட் வந்தது. நிவேதிகாவுக்கு மாட்டினாள். தொளதொளவென்று இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று பஞ்சு வைத்துக் கட்டினாள். நான்காம் நாள் பள்ளிக்கூடப் பிரேயரில் பட்டை இறங்கி, பிள்ளை முகம் குப்புற விழுந்தது. உதடு கிழிந்து மூன்று தையல்.

அன்று மத்தியானம் கோகிலா மாடிக்கு வந்தபோது அவள் முந்தானையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"படம் சரியாத்தானுங்க இருக்குது? தப்புன்னு எங்கியும் சிவப்புக் காட்டலையே. அப்பறம் ஏனுங்க சார் எம்புள்ள விழுந்தா?"

தௌபீக் படத்தைத் திறந்தார். ஒரே ஒரு எண்ணைப் பார்த்தார்.

"பதினஞ்சு இன்ச் எப்படி வந்துச்சு?"

"பதிமூணரைங்க. ஒண்ணரை உள்ள விட்டேன்."

"எதுக்கு?"

"வளர்ற புள்ளைக்கு உள்ள விடாம யாராச்சும் தைப்பாங்களா?"

நியாயமான கேள்விதான். திருப்பூரில் எந்தத் தாயும் யூனிஃபார்மைக் கையில் வாங்கியதும் நிறத்தைப் பார்க்கமாட்டாள். உள்பக்கம் திருப்பி, எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பாள். அடுத்த ஜூனில் பிரித்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். கோகிலா பதினாறு வருஷமாக விட்டுத் தைக்கிறவள். அவள் கை அவளைக் கேட்டு அதைச் செய்வதில்லை.

தௌபீக் பட்டையை அவள் கையில் கொடுத்தார்.

"உள்ள விட்டதைக் காட்டுங்க."

அவள் திருப்பினாள். உள்பக்கம் வழவழவென்று இருந்தது. மடிப்பு எதுவும் இல்லை.

"துணியில விட்டது மடிஞ்சு உள்ளயே கெடக்கும். இதுல நீங்க விட்டது வெறும் காத்து. உங்க பொண்ணு அந்தக் காத்துலதான் விழுந்திருக்கா."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும் பெத்த வயித்தோட பாடு என்று கோபம்கூட வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சரிங்க. பதிமூணரையே போட்டர்றேன்."

"பதிமூணரை எப்ப எடுத்த அளவு?"

"ஜூன்லங்க."

"இப்ப நவம்பர். நாளைக்கு அளந்துட்டு வாங்க."

மறுநாள் அளக்காமல் வந்தாள். பிள்ளை தூங்கிவிட்டாளாம். அதற்கடுத்த நாள் கடையில் கூட்டமாம். மூன்றாம் நாள் காரணம் எதுவும் சொல்லவில்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

காரணம் இல்லாமலா? நிவேதிகாவின் தொடை ஜனவரியில் பதினாலரை, ஜூனில் பதிமூணரை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய அளவும் அவளுக்கு மனப்பாடம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒரு இன்ச் ஏறுகிறது, எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்றரை. அவள் பெற்றதற்கு மட்டும் இறங்குகிறது. அந்தச் சாமிக்குக் கண் அவிந்தா போச்சு? ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அளவெடுக்கிறவளுக்கு, சொந்தப் பிள்ளையின் தொடையில் டேப்பை வைக்கக் கை வரவில்லை. வைத்தால் ஒரு எண் வரும். வந்தால் அதைப் படிக்க வேண்டும்.

"அளவு வேண்டாம்" என்றார் தௌபீக். "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடிக்குப் பதினெட்டுப் படி. போன வருஷம் ஆஸ்பத்திரியில் இதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. இப்போது பதினெட்டும் நிற்காமல் ஏறிவிட்டாள். மேலே வந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

பெருக்கச் சொன்ன பையன் எழுந்து தன் சுழல் நாற்காலியைக் கொடுத்தான்.

நிவேதிகாவின் உதட்டில் தையல் கறுப்பாகத் தெரிந்தது. அவள் திரையைப் பார்த்தாள்.

"இது என்னோட பட்டையா?"

"ஆமா. உங்கம்மா வரைஞ்சது. மவுஸைப் புடிச்சுத் திருப்பிப் பாரு."

திருப்பினாள். மேலே, கீழே, உள்பக்கம். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

"அம்மா, செமயா வரைஞ்சிருக்கற! ஆனா பெருசு."

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டார் தௌபீக்.

"மூணேமுக்கால் இன்ச்."

கோகிலா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"உனக்கு எப்புடிடி தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை நீ கடைக்குப் போன பொறவு நானே அளந்துக்குவேன். தீபாவளிக்குப் பன்னெண்டு இருந்துச்சு. இப்பப் பதினொண்ணேகால்."

"ஏன் கண்ணு அம்மாகிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ அழுவே."

கோகிலா அழவில்லை. அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பத்து வயதுப் பிள்ளை, யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்து, தன் காலைத் தானே அளந்து, அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறது. எத்தனை ஞாயிறு? அவளால் அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

"போடுங்கக்கா" என்றார் தௌபீக்.

பதினைந்தை அழித்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை பதினொன்றேகால் விழுந்தது. பட்டை சுருங்கியது. காதுகள் கூடவே நகர்ந்தன, ஓட்டைகள் தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தன. எதுவும் உடையவில்லை.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க."

அந்தப் பாராட்டைப்போல அவளுக்கு வலித்தது வேறெதுவும் இல்லை.

பையன்கள் நிவேதிகாவின் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கீழே லாரி டயர் கழற்றுகிறார்கள், பார்க்கவேண்டுமாம். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோகிலா குரலைத் தாழ்த்தினாள்.

"எது வரைக்குங்க சார் இது தாங்கும்?"

அவளே அடித்தாள். பத்து. பட்டை சுருங்கியது. ஒன்பது. எட்டு. ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகச் சுருங்கிக் கொடுத்தது. ஆறு அடித்தாள். இரண்டு காதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, ஓட்டைகள் மோதிக்கொண்டன, பட்டை திரையிலிருந்து காணாமல் போனது. ஓரத்தில் வரிசையாகச் சிவப்பு எழுத்துகள்.

கோகிலா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு இன்ச்சுக்கு வந்துட்டா என்னங்க பண்றது?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல சார்? அளவு தப்பா இருந்தா சொல்றீங்க, கோடு ஆடுனா சொல்றீங்க. இதுக்குச் சொல்லுங்க. நீங்கதானே வாத்தியாரு? எம்புள்ளைக்கு ஆறு வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

குரல் உயர்ந்துவிட்டது. ஜன்னலில் சிரிப்பு நின்றது. நிவேதிகா திரும்பிப் பார்த்தாள்.

தௌபீக் எண்ணை அழித்தார். பதினொன்றேகால் என்று திரும்ப அடித்தார். பட்டை மறுபடி வந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றார். "ஆனா அவளுக்கு இன்னிக்குப் பதினொண்ணேகால். பிரிண்ட் கடை அஞ்சரைக்குச் சாத்திருவாங்க."